எங்க ஏரியா கவர்மென்ட் ஸ்கூல்: மூணு வருஷம் பசங்கள அனுப்பிட்டு எழுதறேன்

ஸ்கூல் பேர் போடல. இதுல குறையும் சொல்லியிருக்கேன், அங்க இருக்கற ஹெச்.எம் மேடம் நல்ல மனுஷி, அவங்களுக்கு இதால ஒரு தொந்தரவும் வரக்கூடாது. கிழக்கு பெங்களூருல அல்சூர் தாண்டி தமிழ் ஜனங்க நிறைய இருக்கற ஒரு இடம், ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் இருக்கு, மொத்தம் 140 பிள்ளைங்க சொச்சம். என் பொண்ணு ஆறாவது, பையன் மூணாவது. நான் வீட்லயே டெய்லரிங் பண்றேன், வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டறார். எனக்கு சொந்த ஊரு திருவண்ணாமலை பக்கம், தமிழ் நல்லா படிப்பேன், கன்னடம் பேசுவேன், ஆனா படிக்க வராது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் எழுதப்போறதுல பாதி அதப்பத்திதான்.

ஸ்கூலுக்கு 4 ஸ்டார். பெத்தவங்களுக்கு விஷயம் சொல்ற விதத்துக்கு 2 ஸ்டார், அதுவும் இப்போ கொஞ்சம் மாறினதால 2.

முன்னாடி ரெண்டு பேரும் தெரு முனைல ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூல்ல இருந்தாங்க, ஃபீஸ், புக்கு, வேன், ஆனுவல் டேன்னு சேர்த்து ஒரு வருஷத்துக்கு ரெண்டு பேருக்கும் எழுபதாயிரம் கிட்ட ஆச்சு, சிலிண்டருக்கும் வாடகைக்கும் நடுவுல அத கட்டறதுக்குள்ள ஒவ்வொரு ஜூன் மாசமும் எங்க வீட்ல சண்டைதான். கவர்மென்ட் ஸ்கூல்னா ஏதோ வழியில்லாதவங்க போற இடம்னு என் மாமியார் அழுதாங்க. போய் பார்த்தப்புறம்தான் அந்த எண்ணம் மாறிச்சு. கிளாஸ் ரூம் பெருசு, வெளிச்சம் இருக்கு, மரம் இருக்கு, புக்குல ஒரு பக்கம் கன்னடம் ஒரு பக்கம் இங்கிலீஷ்னு ரெண்டு மொழியிலயும் குடுக்கறாங்க, என் பொண்ணு ஆறே மாசத்துல கன்னடம் எழுத ஆரம்பிச்சா.

சாப்பாட பத்தி நிறைய பேரு கேக்கறீங்க. பெரிய கிச்சன்ல இருந்து வண்டில சூடா வருது, சாதம், சாம்பார், சில நாள் பிசிபேளாபாத். பசங்களுக்கு ஊட்டா டைம்னாலே ஒரு சந்தோஷம். கர்நாடகால 2013ல ஆரம்பிச்ச பால் திட்டம் இன்னும் நடக்குது, இப்போ ராகி மால்ட்டும் சேர்ந்திருக்கு, 2024 செப்டம்பர்ல இருந்து அசிம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன் பணமும் சேர்ந்து வாரத்துல ஆறு நாளும் முட்டை, முட்டை வேணாங்கற பிள்ளைக்கு வாழைப்பழம் இல்லைன்னா கடலை மிட்டாய். என் பையன் பிரைவேட்ல இருந்தப்போ டிபன் பாக்ஸ அப்படியே திருப்பி கொண்டு வருவான், இங்க எல்லாரும் வரிசையா உக்காந்து சாப்பிடறதால தானா சாப்பிடறான். இந்த மதிய சாப்பாட்டுக்கு சென்ட்ரல் கவர்மென்ட் திட்டம் பி.எம். போஷன், அரிசி அங்க இருந்து வருது, சமைக்கற பொருளுக்கு 2025 மே மாசத்துல இருந்து சின்ன கிளாஸ் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 6 ரூபா 78 பைசா, ஆறாவதுல இருந்து எட்டாவது பிள்ளைக்கு 10 ரூபா 17 பைசா. எங்க தெருவுல ஒரு டீயே 15 ரூபா. அந்த காசுல பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் வரணும், அதனால சாம்பார் தண்ணியா இருக்குன்னு யாராவது சொன்னா எனக்கு சமைக்கறவங்க மேல கோவம் வர்றதில்ல. பிள்ளைங்களுக்கு போடறதுக்கு முன்னாடி டீச்சர் ருசி பார்க்கணும்னு ரூல் இருக்கு, நான் போன நாள்ல எல்லாம் நிஜமாவே பார்த்தாங்க.

யூனிபார்ம் விஷயத்துல நான் கொஞ்சம் விவரமாவே பேசுவேன், அது என் தொழில். சென்ட்ரல் திட்டம் சமக்ர சிக்ஷா, அதுல ஒரு பிள்ளைக்கு ரெண்டு செட் யூனிபார்முக்கு வருஷத்துக்கு 600 ரூபா வரைக்கும்னு வெச்சிருக்காங்க, பொண்ணுங்க எல்லாருக்கும், பசங்கள்ல எஸ்.சி, எஸ்.டி, பி.பி.எல் (வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கற) குடும்பத்துக்கும். ஒரு செட்டுக்கு 300 ரூபா. நான் ஏரியால குறைச்சு வாங்கற டெய்லர், அப்பவும் ஒரு சுடிதார் செட் தைக்க 350 வாங்கறேன். கூலியே வராத காசுல துணியும் வரணும்னா எப்படி? அதனால எங்களுக்கு துணியாதான் கையில வந்துச்சு, தைக்கறது அவங்கவங்க பொறுப்பு. துணி மோசம் இல்ல, கொஞ்சம் பாலியஸ்டர் ஜாஸ்தி, வெயில் காலத்துல போட்டா ஒட்டும், ஆனா சாயம் போகல, மூணு வருஷமா துவைச்சு பார்த்து சொல்றேன். எங்க லைன்ல இருக்கற பிள்ளைங்களுக்கு 150க்கு தைச்சு குடுத்தேன், அதுக்கே ரெண்டு அம்மாங்க ரெண்டு தவணையா குடுத்தாங்க. இலவசம்னு சொல்ற பொருள்ல இந்த தையக்கூலி ஒளிஞ்சிருக்கறது மேல இருக்கறவங்களுக்கு தெரியணும்.

இப்போ குறைக்கு வரேன்.

இந்த வருஷம் ஜூன்ல பொண்ணு ஆறாவது போனா. ஆகஸ்ட் நடுவுல ஒரு நாள் அவளோட மேத்ஸ் நோட்ட எடுத்தேன், அட்டை போட்டது அப்படியே புதுசா இருக்கு, உள்ள மூணு பக்கம் மட்டும் எழுதியிருக்கு. என்னடின்னு கேட்டா மேத்ஸ் மிஸ் இல்லம்மா, மிஸ் டிரான்ஸ்ஃபர் ஆகி போயிட்டாங்க, அந்த பீரியட் சும்மா உக்காந்திருப்போம், சில நாள் ஹெச்.எம் மேடம் வருவாங்கன்னு சாதாரணமா சொல்றா. ரெண்டரை மாசம். எங்ககிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, பிரைவேட்ல இருந்து மாத்தினது தப்போன்னு. படிக்கற பிள்ளை, ஆறாவதுல ஃபிராக்‌ஷன் விட்டா எட்டாவதுல எங்க போய் பிடிக்கறது?

அந்த வாரம்தான் என் சித்தி பொண்ணு வீடியோ கால்ல வந்தா. அவ டெக்சாஸ்ல ஹூஸ்டன் பக்கம் இருக்கா, அவ வீட்டுக்காரர் அங்க ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலை, பெரிய சம்பளம் ஒண்ணும் இல்ல, பிள்ளை அங்க கவர்மென்ட் ஸ்கூல்தான். நான் என் கதைய சொன்னதும் அக்கா இரு, எனக்கு இதே மாதிரி ஒரு லெட்டர் வந்துச்சுன்னு தேடி எடுத்து போட்டோ அனுப்பினா. உங்க பிள்ளைக்கு நாலு வாரத்துக்கு மேல பாடம் எடுக்கறவங்க முழு தகுதி பெற்ற டீச்சர் இல்ல, அத உங்களுக்கு தெரிவிக்கறோம்னு ஸ்கூலே எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கு. எனக்கு நம்பவே முடியல. குறைய மறைக்காம அவங்களா எழுதி அனுப்பறாங்களான்னு ரெண்டு தடவை கேட்டேன்.

அவ பொறுமையா சொன்னா, அப்புறம் நானும் தேடி படிச்சேன். அங்க 'டைட்டில் ஒன்'னு ஒரு திட்டம், 1965ல ஜான்சன் பிரசிடெண்டா இருந்தப்போ போட்ட சட்டத்துல இருந்து நடக்குது, ஏழை பிள்ளைங்க நிறைய படிக்கற ஸ்கூலுக்கு அங்க சென்ட்ரல் கவர்மென்ட் கூடுதலா பணம் குடுக்கறது. நூத்துக்கு நாப்பது பிள்ளைங்க ஏழை வீட்டு பிள்ளைங்கன்னா அந்த பணத்த மொத்த ஸ்கூலுக்கும் செலவு பண்ணலாம், அதுக்கு கீழன்னா படிப்புல பின்தங்கின பிள்ளைங்களுக்குன்னு தனியா. அங்கயும் ஸ்கூல் செலவுல பெரும்பங்கு மாநிலமும் அந்தந்த ஊரும் போடறதுதான், இந்த பணம் அதுக்கு மேல சேரணுமே தவிர, சென்ட்ரல் குடுக்குதேன்னு ஊர் காச குறைச்சுக்க கூடாதுன்னு ரூல். அந்த பணம் வாங்கினா பெத்தவங்களுக்கு சில விஷயம் கட்டாயம் சொல்லியே ஆகணும். வருஷத்துக்கு ஒரு மீட்டிங் போட்டு இந்த பணம் எதுக்குன்னு விளக்கணும், டீச்சர் என்ன படிச்சிருக்காங்கன்னு அம்மா அப்பா கேட்டா பதில் குடுக்கணும், ஸ்கூல் என்ன செய்யும் வீடு என்ன செய்யும்னு ஒரு ஒப்பந்தம் மாதிரி எழுதணும், முடிஞ்ச அளவுக்கு பெத்தவங்களுக்கு புரியற மொழியில சொல்லணும். அஞ்சு லட்சம் டாலருக்கு மேல வாங்கற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா (அந்த பகுதி கவர்மென்ட் ஸ்கூல்கள நடத்தற அமைப்பு) அதுல குறைஞ்சது ஒரு சதவீதம் பெத்தவங்கள சேர்த்துக்கற வேலைக்குன்னே ஒதுக்கணும்.

அவ இன்னொண்ணும் சொன்னா, வர்ற பேப்பர் எல்லாம் படிக்க நேரம் இல்ல அக்கா, பாதி அப்படியே பீரோ மேல கிடக்குதுன்னு. அதனால அங்க எல்லாம் பொன்னா இருக்குன்னு நான் சொல்லல. ஆனா அந்த நாலு வாரம் லெட்டர், அது ஒண்ணு மட்டும் என் மனச விட்டு போகல. புரியற மொழியிலங்கறதும்.

சரி, இங்க ரூல் இல்லையா? இருக்கு, அதுதான் எனக்கு வருத்தம். 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கற ஆர்.டி.ஈ, அதாவது கல்வி உரிமை சட்டத்துல ஒவ்வொரு கவர்மென்ட் ஸ்கூல்லயும் ஒரு கமிட்டி, அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பேரு பெண்கள். கர்நாடகால எஸ்.டி.எம்.சின்னு சொல்றாங்க, இங்க 2001லயே அது வந்துடுச்சு. பணம் எப்படி செலவாகுதுன்னு பார்க்கறது, ஸ்கூலுக்கு என்ன வேணும்னு பிளான் எழுதறது, எல்லாம் அந்த கமிட்டி வேலை. ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் சயின்ஸ் மேத்ஸுக்கு குறைஞ்சது ஒரு டீச்சர் இருக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு. நான் அந்த கமிட்டில மெம்பர். ரெண்டு வருஷமா. ஒரு நாள் கேட்ல நின்னப்போ கை தூக்க சொன்னாங்க, தூக்கினேன், அப்புறம் மூணு தடவை ரிஜிஸ்டர் நீட்டினாங்க, கையெழுத்து போட்டேன். முழுக்க கன்னடத்துல எழுதியிருந்துச்சு, என்ன எழுதியிருக்குன்னு எனக்கு தெரியாது. என்கூட இருந்த மத்த அம்மாங்க நாலு பேருக்கும் தெரியாது, ரெண்டு பேரு தமிழ், ஒருத்தங்க உருது, ஒருத்தங்க வட கர்நாடகால யாத்கிர் பக்கத்துல இருந்து கட்டட வேலைக்கு வந்தவங்க, அவங்களுக்கு கன்னடம்தான் தாய்மொழி ஆனா எழுத்தே தெரியாது.

ஆகஸ்ட் கடைசில அடுத்த மீட்டிங்ல ரிஜிஸ்டர் வந்ததும், மேடம், இத கொஞ்சம் வாய்விட்டு படிங்க, கேட்டுட்டு போடறேன்னு சொன்னேன். குரல் நடுங்கிச்சு, உண்மைய சொல்றேன். மேடம் ஒரு நிமிஷம் பார்த்தாங்க, கோவப்படுவாங்கன்னு நெனச்சேன், கோவப்படல. கண்ணாடிய போட்டுட்டு ஒவ்வொரு வரியா படிச்சாங்க, என் பொண்ணு தமிழ்ல சொன்னா, உருது அம்மாவோட பையன் அவங்களுக்கு சொன்னான்.

அன்னைக்குதான் எங்க ஸ்கூலுக்கு என்ன பணம் வருதுன்னே எங்களுக்கு தெரிஞ்சது. சமக்ர சிக்ஷால காம்போசிட் கிராண்ட்னு ஒண்ணு, பிள்ளைங்க எண்ணிக்கைய வெச்சு, 101ல இருந்து 250 பேரு வரைக்கும் இருக்கற ஸ்கூலுக்கு வருஷத்துக்கு 50,000 ரூபா, அதுல பத்துல ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்கு போகணும். எட்டாவது வரைக்கும் இருக்கற ஸ்கூலுக்கு விளையாட்டு சாமானுக்கு 10,000 வரைக்கும். லைப்ரரி புக்குக்கு தனியா. இந்த பணத்துல 60 சதவீதம் சென்ட்ரல், 40 சதவீதம் ஸ்டேட். டீச்சர் சம்பளம் பெரும்பாலும் ஸ்டேட் பணம், அது வேற கணக்கு. என் கஸ்டமர் அக்கா ஒருத்தங்க அக்கவுண்ட்ஸ்ல வேலை, அவங்க சொன்னாங்க, 2004ல படிப்புக்குன்னு ரெண்டு சதவீதம் செஸ் (வரி மேல போடற கூடுதல் வரி) போட ஆரம்பிச்சாங்க, இப்போ இன்கம் டேக்ஸ் மேல ஹெல்த்துக்கும் எஜுகேஷனுக்கும் சேர்த்து நாலு சதவீதம்னு. டேக்ஸ் கட்டறவங்க யாராவது இத படிச்சா உங்க கணக்க ஒரு தடவை எடுத்து பாருங்க, எங்க ஸ்கூல் குழாய் ரிப்பேர்ல உங்க காசும் இருக்கு.

50,000 போன வருஷம் எப்போ வந்துச்சுன்னு கேட்டேன். ஜனவரியில. இப்போ எல்லாம் ஸ்கூல் அக்கவுண்ட்ல பணமா போடறதில்லையாம், இவ்வளவு வரைக்கும் எடுத்துக்கலாம்னு லிமிட் மட்டும் வருமாம். ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஃபினாயில், சாக்பீஸ், பிளம்பர் எல்லாம் மேடம் கைக்காசு போட்டு, பில்ல எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் டப்பால போட்டு வெச்சிருக்காங்க. அத பார்த்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பணம் வராதப்போ என்னன்னு சொல்றது, வந்தப்புறம் சொன்னா எங்க கைல குடுங்கன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம், அதான் சொல்லலம்மான்னாங்க. மேத்ஸ் டீச்சர் விஷயமும் அப்படித்தான், கெஸ்ட் டீச்சர் (தற்காலிகமா வர்ற டீச்சர்) கேட்டு பி.ஈ.ஓ, அதாவது வட்டார கல்வி அதிகாரி ஆபீஸுக்கு மூணு லெட்டர் எழுதியிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் காப்பி இருக்கு. எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்க பதினஞ்சு அம்மாங்க நேரா போய் நின்னிருப்போமே மேடம்னு கேட்டேன். செப்டம்பர் முதல் வாரம் நிஜமாவே போய் நின்னோம், பதினஞ்சு வரல, ஒம்பது பேரு. அதே மாசம் கெஸ்ட் டீச்சர் வந்துட்டாங்க. நாங்க போனதாலயா இல்ல லிஸ்ட் தானா வந்துச்சான்னு எனக்கு சொல்ல தெரியாது, வந்த டீச்சர் நல்லா எடுக்கறாங்க, சனிக்கிழமையும் விட்டுப்போன பாடத்த எடுத்தாங்க.

இன்னொரு விஷயம். இந்த கிராண்ட் கணக்கு எல்லாம் சுவத்துல பெயிண்ட்ல எழுதியே இருக்கு. எங்க? ஹெச்.எம் ரூமுக்கு வெளிய உள் வராண்டால. சாதாரண நாள்ல எங்கள கேட்டுக்கு உள்ள விடறதில்ல, பிள்ளைய விட்டுட்டு கேட்லயே திரும்பிடுவோம். மூணு வருஷத்துல நான் அந்த சுவத்த பார்த்ததே இல்ல, பார்த்திருந்தாலும் படிச்சிருக்க முடியாது. கணக்க யாரும் மறைக்கல, எழுதித்தான் வெச்சிருக்காங்க, ஆனா பெத்தவங்க கால் படாத இடத்துல, அவங்க படிக்காத எழுத்துல எழுதினா அது யாருக்கு போய் சேரும்? விஷயம் சொல்ற விதத்துக்கு நான் ரெண்டு ஸ்டார் மட்டும் குடுத்ததுக்கு காரணம் இதுதான், பணம் குறைவுங்கறதுக்காக இல்ல.

மொபைல் இருக்கறவங்க ஒண்ணு பண்ணலாம். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் 11 நம்பர்ல யுடைஸ் கோடுன்னு ஒரு அடையாள எண் இருக்கு, கர்நாடகான்னா 29ல ஆரம்பிக்கும், கேட் மேலயோ போர்டுலயோ எழுதியிருப்பாங்க, இல்லைன்னா ஆபீஸ்ல கேளுங்க. யுடைஸ் பிளஸ் சைட்ல நோ யுவர் ஸ்கூல்னு இருக்கற இடத்துல அத போட்டா எத்தனை பிள்ளைங்க, எத்தனை டீச்சர், டாய்லெட் எத்தனை, லைப்ரரி இருக்கா எல்லாம் வரும். இங்கிலீஷ்ல வரும், எட்டாவது படிக்கற பிள்ளை யாராவது இருந்தா படிச்சு சொல்லிடும். எங்களுதுல லைப்ரரி இருக்குன்னு போட்டிருந்துச்சு. லைப்ரரியான்னு போய் பார்த்தா பூட்டின பீரோ ஒண்ணு, உள்ள புது புக்கு, பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல, குடுத்து வாங்கி எழுதறதுக்கு ஆள் இல்லைன்னாங்க. இப்போ வெள்ளிக்கிழமை மதியம் நானும் இன்னொரு அம்மாவும் மாத்தி மாத்தி போய் உக்காந்து நோட்ல எழுதி குடுக்கறோம், என் பையன் படம் போட்ட புக்கு ஒண்ண நாலு வாரமா திரும்ப திரும்ப அதையே எடுக்கறான்.

கேட் பக்கத்துல இப்போ ஒரு வெள்ளை போர்டு வெச்சிருக்காங்க, எந்த கிளாஸுக்கு டீச்சர் லீவு, என்ன பணம் வந்துச்சு, மீட்டிங் என்னைக்குன்னு கன்னடத்துல எழுதி, கீழ தமிழ்லயும் உருதுலயும் ஒரு வரி. தமிழ் வரிய நான் எழுதறேன். எழுத்து தெரியாதவங்களுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போடறோம். மழை பெய்ஞ்சா போர்டு அழிஞ்சிடுது, மேல ஒரு ஷீட் போடணும், அது இன்னும் ஆகல.

போன மீட்டிங்குக்கு பேரன வளக்கற ஒரு பாட்டி வந்தாங்க, வாய்ஸ கேட்டுட்டு வந்தேன்னாங்க. ஷூவுக்கு பணம் வருதாமே, அத வாங்கறது கமிட்டிதானாமேன்னு நேரா கேட்டாங்க. ஆமா, ஸ்டேட் திட்டத்துல அஞ்சாவது வரைக்கும் ஒரு பிள்ளைக்கு 265 ரூபா, ஆறாவதுல இருந்து எட்டாவதுக்கு 295, ஒரு ஜோடி ஷூவும் ரெண்டு ஜோடி சாக்ஸும், வாங்க வேண்டியது எஸ்.டி.எம்.சிதான். அப்போ அளவு எடுக்க எங்கள ஏன் கூப்பிடல, என் பேரனுக்கு வந்தது ரெண்டு சைஸ் பெருசு, பஞ்சு வெச்சு அனுப்பறேன்னாங்க. ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. அதனால இந்த ஸ்கூல்ல பிள்ளைங்க இருக்கறவங்களுக்கு ஒரு சேதி: ஜூன் முதல் வாரம் மீட்டிங் இருக்கு, பிள்ளைய ஒரு பழைய நியூஸ் பேப்பர் மேல நிக்க வெச்சு ரெண்டு காலையும் பென்சில்ல வரைஞ்சு, பேரும் கிளாஸும் எழுதி எடுத்துட்டு வாங்க. வளர்ற பிள்ளைங்க, ஒரு விரல் அகலம் சேர்த்து நான் கத்தரிச்சு தரேன், அந்த பேப்பர எடுத்துட்டு போய்தான் இந்த தடவை ஷூ வாங்கறோம்.